ஒருவருக்கு இரண்டு மரண அறிவிப்புகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் யாருக்கும் மரண அறிவிப்புப் பக்கத்தில் உட்கார ஆசை இருக்காது. அரசியல் வேண்டும், குற்றச் செய்தி வேண்டும், ஒன்றும் கிடைக்காவிட்டால் சினிமாவாவது வேண்டும். நானும் அப்படித்தான் வந்தேன். எழுபதுகளின் நடுவில் பினாங்குக் கிளைக்கு நிருபர் வேலை என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். போன அன்றைக்கே வாசலோரமாகக் கிடந்த மேசையைக் காட்டி, "இங்க உக்காரும்மா, சாவு அறிவிப்பு நீதான் வாங்கணும்" என்றார்கள். வீட்டுக்குப் போய் அழுதேன். அந்த மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்தே என் இளமையில் பாதி போய்விட்டது. பத்திரிகைத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே தெரிந்துகொண்டதுதான் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

எங்கள் நாளிதழுக்கு அச்சகமும் தலைமை அலுவலகமும் கோலாலம்பூரில். பினாங்கில் குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் கிளை. நம் ஆட்களுக்கு ஒரு சாவு பேப்பரில் வந்தால்தான் சாவு. இறந்தவர் பெயர், வயது, வீட்டு முகவரி, தகன நேரம், அதற்குக் கீழே மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர்கள். பெரியவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் பெயர்களைத்தான் பார்ப்பார்கள், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தில் அடுத்த பத்து வருடக் கல்யாணங்களுக்கு ஒருவரை ஒருவர் அழைக்க மாட்டார்கள்.

அதனால் எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: "யார் பேராவது விட்டுப் போச்சா?" பெரும்பாலும் இல்லை என்பார்கள். சிலர் பதில் சொல்லாமல் சுவரைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு, மாடிக்குக் கீழே இருந்த கடையிலிருந்து ஒரு கோப்பி வரவழைத்துவிட்டு, நான் வேறு ஏதோ வேலை இருப்பது போல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

எதிர்ப்பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த அக்கா ஒருவர் இருந்தார். அறிவிப்பு வந்ததும் சன்னலைத் திறந்து, "அக்கா, ஜெலுத்தோங்குல ஒண்ணு வந்திருக்கு, மாலை சொன்னாங்களா?" என்று கேட்பேன். அவர் பூ கட்டுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டுவார். அவருக்குத் தெரியாவிட்டால் வேறு பூக்கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்பார். மாலை வாங்காமல் நம் ஆட்கள் யாரையும் எடுப்பதில்லை. அவர் தலையாட்டிய பிறகுதான் கோலாலம்பூருக்குப் போன் போட்டு, ஒவ்வொரு பெயராகத் தொண்டை கிழியக் கத்திச் சொல்வேன். எங்கள் சரிபார்ப்பு முறை அவ்வளவுதான். யாரும் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஒரு தடவை சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்திலிருந்து ஒருவர் தன் அண்ணன் சாவுக்கு அறிவிப்புக் கொடுக்க வந்தார். படித்துக் காட்டினேன். கேள்வியைக் கேட்டேன். சுவரைப் பார்த்தார். கோப்பி வந்தது, ஆறியது. கடைசியில், "பாலிக் புலாவுல ஒரு பொம்பள இருக்கு. ரெண்டு பிள்ளைங்க. பேர் போட முடியாது, அண்ணி வீட்ட ரெண்டாக்கிடுவாங்க" என்றார்.

"பேர் போட வேணாங்க. சேதி சொல்லியாச்சா?"

இல்லை என்றார். அந்தப் பெண் இருந்த கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் போன் இருந்தது. அவர் முன்னாலேயே போட்டுச் சொன்னேன். அந்தப் பெண் பிள்ளைகளோடு பஸ் பிடித்து, பெர்ரி ஏறிக் கடலைத் தாண்டிப் போய், தோட்டத்து வீட்டுக்கு எதிரே சாலையில் நின்று சவ ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். மறுநாள் பேப்பரில் அவள் பெயர் இல்லை. ஆனால் நான் அன்றைக்குச் செய்த நல்ல வேலை அதுதான். அச்சில் வருவது மட்டும்தான் நம் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

எண்பதுகள் முடியப் போகும் நேரத்தில் ஃபேக்ஸ் வந்தது. நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் கையில் இருக்கும் போனுக்கு முன்னால் அது ஒரு பொம்மை. எங்களுக்கு அது அதிசயம். இங்கே நுழைத்த தாள் அங்கே சூடாக வெளியே வந்ததை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அது தாளில் ஒட்டி, ஒரு வாரம் பினாங்குச் செய்திகள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு கோலாலம்பூர் போயின.

கொஞ்ச நாளில் தலைமை அலுவலகம் கணக்குப் போட்டது. அறிவிப்பை மக்கள் கிளைக்குக் கொண்டுவந்து, கிளை அதைத் தலைமைக்கு அனுப்புவானேன்? புத்தகக் கடையிலெல்லாம் ஃபேக்ஸ் இருக்கிறது. நேராக அனுப்பட்டும். சாயங்காலம் வரைக்கும் வாங்கலாம், நிறைய வாங்கலாம். போட்டிப் பத்திரிகையும் அதையே செய்தது. என் மேசையை எடுத்தார்கள். எனக்கு வருத்தமா என்று கேட்காதீர்கள். ஒரு பக்கத்தை நானே பிடித்துத் தூக்கினேன். ஒரு வழியாக நிருபராகிவிட்டேன் அல்லவா.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை கோலாலம்பூர் விளம்பரப் பிரிவிலிருந்து மணியம் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு சின்ன பிரச்சன. இன்னிக்கு போட்ட சாவு அறிவிப்புல ஒண்ணு… செத்தவரு போன்ல இருக்காரு."

"என்னா சொல்றீங்க?"

"கிரீன் லேன், செல்லத்துரை. ரொம்ப கோவமா இருக்காரு. நீங்க போயி கொஞ்சம் சமாதானம் சொல்லுங்க லா. ஆனா நம்ம தப்புன்னு வாய விட்டுடாதீங்க, வக்கீலு அது இதுன்னு போனா கஷ்டம்."

செல்லத்துரை ஐயாவைப் பினாங்கில் தெரியாதவர்கள் குறைவு. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, யாரிடமும் அநாவசியமாகச் சிரிக்க மாட்டார். மனைவி முன்பே போய்விட்டார். மகன் ரவீந்திரன் குடும்பத்தோடு கூட இருந்தான். மகள் வசந்தி ஈப்போவில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் லியோங் என்ற சீனரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்ப் பல வருடம். அன்றிலிருந்து அவள் பெயரை அந்த வீட்டில் அவர் சொல்லவில்லை என்று ஊரே அறியும். அந்தச் சமயம் அவர் ஒரு சங்கத்தின் தேர்தலில் நின்றிருந்தார். போட்டி கடுமை. வேண்டாத யாரோ ஒருவர் ஏதோ ஒரு கடையிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பியிருக்க வேண்டும். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

நான் போனபோது வீட்டு முன்னால் வரிசையாக மோட்டார் கார்கள். வாசலில் ஒரு மலர்வளையம் சாத்தி வைத்திருந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சாய்வு நாற்காலியில் ஐயா, மடியில் எங்கள் பேப்பர்.

"வாங்கோ பிள்ளை," என்றார். "செத்தவனைப் பாக்க வந்தனீங்களோ? இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. என்ர செத்த வீட்டில நானே உபசரிக்க வேண்டியிருக்கு."

மணியம் சொன்னது காதில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மழுப்ப எனக்கு வாய் வரவில்லை. "எங்க தப்புதாங்கய்யா. ஃபேக்ஸ்ல வந்துச்சி, யாரும் விசாரிக்காம போட்டுட்டாங்க" என்றேன். அவர் மடியிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. உண்மையை ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும் என்பதை உங்கள் வக்கீல்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, காலில் செருப்பில்லாமல், "அப்பா, அப்பா" என்று மார்பில் அடித்துக்கொண்டு வசந்தி ஓடி வந்தாள். ஈப்போவிலிருந்து வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது. கூடத்துக்குள் வந்து, விளக்கும் பிணமும் இருக்க வேண்டிய இடத்தைத் தேடி, அங்கே சாய்வு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். கை மார்பிலேயே இருந்தது.

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்திருக்க மாட்டார்கள். சில நேரம் அடக்க முடியாமல் வந்துவிடும். ஆனால் சிரித்துவிட்டார்கள்.

ஐயாவின் கை நாற்காலிக் கையைப் பிடித்தது. எழுந்திருக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எப்ப சாவன் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனியோ?" என்றார்.

 ரவீந்திரனின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். வசந்தி அதை வாங்காமல் திரும்பி நடந்தாள். வெளியே காருக்குப் பக்கத்தில் லியோங் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறார். நான் பின்னாலேயே ஓடினேன். மன்னிப்புக் கேட்டேன், ஃபேக்ஸ் கதையைச் சொன்னேன்.

"நான் தமிழ் பேப்பர் வாங்கறதே இந்தப் பக்கத்துக்குத்தான் கா," என்றாள். "எனக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்க. அம்மா இல்ல. அப்பாவுக்கு ஏதாச்சும்னா பேப்பர்லதான் எனக்குத் தெரியும். தினமும் காலையில பாப்பேன். இல்லன்னா, சரி, இருக்காருன்னு மடிச்சி வெச்சிட்டு வேலையப் பாப்பேன். இனிமே நான் எதப் பாக்கறது?"

"சந்தேகமா இருந்தா ஆபீசுக்கு போன் போடும்மா. நாங்க விசாரிச்சி சொல்றோம்" என்றேன். 

மறுப்பு போட வேண்டும் அல்லவா. அதே பக்கத்தில், அதே அளவில், படத்தோடு போடுங்கள் என்று நான் கோலாலம்பூரிடம் மன்றாடினேன். அந்தப் பக்கம் காசுக்கு விற்கும் இடம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து, உள்பக்கத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்திக்குக் கீழே நாலு வரி வந்தது. ஐயா அதை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"என்ர சாவைப் பெரிசாப் போட்டியள். நான் உயிரோட இருக்கிறதைச் சின்னனாப் போட்டிருக்கிறியள்," என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். வந்த விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. தேர்தலைப் பற்றிப் பேசினார், வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் நான் அத்தனை வருடம் அந்த மேசையிலிருந்து பார்த்திருக்கிறேனே. கீழே சொல்லி ஒரு கோப்பி வரவழைத்தேன்.

"உங்கட பேப்பரை அவள் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறவளோ?"

"தினமும் பாக்கறாங்களாம். உங்களுக்காகத்தான் வாங்கறாங்களாம்."

கோப்பியை அவர் தொடவில்லை. "அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "ஆக்களுக்கு முன்னால சொல்லிப்போட்டன்." பிறகு, "நான் மெய்யாச் சாகேக்க அறிவித்தல்ல அவளின்ர பேரைப் போடவேணும். அந்தப் பெடியன்ர பேரையும். மகள், மருமகன் எண்டு முறையாப் போடவேணும். ரவியிட்டயும் சொல்லி வைக்கிறன். நீங்களும் நினைவில வச்சிருங்கோ."

"அதுக்கு ஏங்கய்யா சாகணும்? ஈப்போ நம்பரு வாங்கித் தரேன். இப்பவே பேசுங்க."

"பாப்பம், பாப்பம். நேரம் வரட்டும். நானே சொல்லுவன். நீங்கள் இதை அவளிட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

சரி என்றேன். ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே விடாமல் இருப்பதுதான் நம் தொழிலில் பெரிய கௌரவம் என்று நான் அப்போது நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தப் பொய் அறிவிப்புக்குப் பிறகு தலைமை அலுவலகம் விதி போட்டது. இறப்புப் பத்திரத்தின் நகல் இல்லாமல் அறிவிப்பு வாங்கக் கூடாது. நல்ல விதி. எத்தனை நாள் நின்றது என்கிறீர்கள்? போட்டிப் பத்திரிகை நகல் கேட்காமல் வாங்கியது. சாவு வீட்டில் யாருக்கு நகல் எடுக்கப் பொறுமை இருக்கும்? ஆட்கள் அந்தப் பக்கம் போனார்கள். விளம்பரப் பிரிவு விதியை மெதுவாக மறந்தது. யாரும் அதை ரத்து செய்யவில்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஒரு பத்திரிகையில் நல்ல விஷயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

அடுத்த வருடம் கிளையையே மூடினார்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, செய்தி நேராகப் போய்விடுகிறது, மாடிக்கு எதற்கு வாடகை? எனக்கு ஒரு பேஜர் கொடுத்து வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். பினாங்கு நம்பருக்கு வரும் அழைப்பு கோலாலம்பூரில் அடிக்கும்படி செய்துவிட்டார்கள். வாசகர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது என்றார் மணியம். பூக்கடை அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "ஏம்மா, இனிமே செத்தா யாருகிட்ட கேப்பாங்க?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு காலை பேப்பரைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் செல்லத்துரை ஐயாவின் படம்.  உடனே அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். ரவீந்திரன் எடுத்து அழுதான். முதல் நாள் சாயங்காலம் மாரடைப்பு. மறுபடியும் பேப்பரை எடுத்து அறிவிப்பைப் படித்தேன். மகன் ரவீந்திரன், மருமகள், பேரப்பிள்ளைகள். அதற்கடுத்து மகள் வசந்தி, மருமகன் லியோங். முறையாகப் போட்டிருந்தது. அழுதுகொண்டேதான் படித்தேன், ஆனாலும் எனக்கு நிறைவாக இருந்தது. மனிதர் சொன்னபடி செய்துவிட்டார், பையனும் அப்பா சொல்லைக் காப்பாற்றிவிட்டான், இன்றைக்கு வசந்தி தன் பெயரைப் பார்த்துக்கொண்டு தலைநிமிர்ந்து அந்த வீட்டுக்குள் வருவாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போனேன். வசந்தியைக் காணவில்லை. பெண்களோடு உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினேன். சடங்கு தொடங்கும் நேரத்தில் ரவீந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சிக்கு போன் போட்டீங்களா தம்பி?" என்றேன்.

"பேப்பர்ல பேரோட போட்டாச்சே கா. அவ தினமும் பாக்கறவதான. நான் போன் பண்ணா எடுப்பாளோ என்னமோ, அன்னிக்கு நடந்ததுக்கு அப்புறம். பேரப் பாத்தா வந்துடுவா."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிடமே போனை எடுத்து ஈப்போவில் எந்த வொர்க்‌ஷாப் என்று தேடிப் பிடித்திருக்க வேண்டும். பாலிக் புலாவ் பெண்ணுக்குச் செய்தவள்தானே நான். ஆனால் ரவீந்திரன் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. பேப்பரில் வந்துவிட்டது, பேப்பர் சொல்லியிருக்கும், வந்துகொண்டிருப்பாள். வாழ்நாள் முழுக்கப் பேப்பரில் வேலை செய்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஐயரை ஒருமுறை தாமதிக்கச் சொன்னார்கள். பிறகு அவரும் நேரமாகிறது என்றார். பத்து லஞ்சாங் என்ற இடத்திலிருந்த சுடலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் போனதும் நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டோம்.

தரை இன்னும் ஈரமாக இருந்தபோது அந்தக் கார் வந்து நின்றது. வசந்தி இறங்கினாள். இந்தத் தடவை தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். காலில் செருப்பு, தோளில் பை, முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள், வீடு மாறி வந்த ஆளைப் போல. ஈரத் தரையைப் பார்த்தாள். கூடத்தில் எரிந்த ஒற்றை விளக்கைப் பார்த்தாள். நான் எழுந்து போனேன். என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டாங்களா கா?"

நான் தலையாட்டினேன். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லியோங் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தார். அவள் கேட்டைப் பிடித்தபடியே சொன்னாள்.

"காலையில பாத்தேன் கா. மொத தடவ போட்டப்ப என் பேர் இல்ல, நம்பிட்டேன். எங்க வீட்டுல அப்படித்தான போடுவாங்க. இந்தத் தடவ என் பேரும் இவர் பேரும் இருந்துச்சி. எங்க அப்பா வீட்டுல சத்தியமா அப்படி போட மாட்டாங்க, யாரோ மறுபடியும் என்ன வெச்சி விளையாடறாங்கன்னு நெனச்சேன். உங்க ஆபீசுக்கு போன் போட்டேன். யாரோ ஒரு பொண்ணு, 'ஃபேக்ஸ்ல வந்துச்சி, போட்டோம், வேற தெரியாது'ன்னிச்சி. போன தடவயும் ஃபேக்ஸ்தானன்னு வெச்சிட்டேன். வீட்டுக்கு போன் போடலாம்னா, அப்பாவே எடுத்தா என்னான்னு கேக்கறது? நீங்க செத்துட்டீங்களான்னா?"

மூச்சு வாங்கினாள்.

"அப்புறம் மார்க்கெட்டுக்கு போயிட்டேன் கா. மீன் வாங்கிட்டு வந்து கறி வெச்சேன். சாப்பிட்டேன். இவருதான் மனசு கேக்காம, வா, போயி பாத்துட்டு வந்துடலாம், பொய்யா இருந்தா அப்படியே திரும்பிடலாம்னாரு."

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் பேப்பரில் வந்தது முழுக்க உண்மை. பெயர், நேரம், முகவரி, எதிலும் ஒரு பிழையில்லை. அதை யாருக்காகப் போட்டோமோ அந்த ஒரு ஆள் நம்பவில்லை. நம்பாததற்கு அவளுக்குக் காரணத்தைக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். உங்கள் காலத்தில் செய்தி இன்னும் வேகமாகப் போகும், அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு ஆள் போன் போட்டு இது நிஜமா என்று கேட்டால், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல உங்கள் அலுவலகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

ரவீந்திரன் சுடலையிலிருந்து ஈர வேட்டியோடு, மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்தான். கேட்டில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்ததும் அவனுக்கும் உடைந்துவிட்டது. "பேர் போட்டிருந்தேனே வசந்தி, பாக்கலியா? அப்பாதான் போடச் சொன்னாரு," என்றான். அவள் அவனை நம்பாமல் என் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவா கா? அப்பாவா சொன்னாரு?"

"ஆமாம்மா. எங்க ஆபீசுக்கே வந்து சொன்னாரு. உன் பேரு, மருமகன் பேரு, முறையா போடணும்னு. உன்ன அன்னிக்கு அப்படி பேசியிருக்கக் கூடாதுன்னும் சொன்னாரு."

"எப்போ?"

"நீ அழுதுகிட்டு வந்தியே, அதுக்கு ஒரு வாரத்துல."

வசந்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.